காசு கடல் தாண்டி கேஷ் ஆன கதை

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, வெட்டிவேர் இவற்றோடு ஐந்தாவதாகக் காசும் வந்து உட்கார்ந்துகொள்ளும். காசுதான் ஆங்கிலத்தில் கேஷ் ஆனது என்பார்கள். ஒலி பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது, அப்புறம் என்ன சந்தேகம் என்று தோன்றும். பட்டிமன்றமாக இருந்தால் இத்தோடு கைதட்டல் வாங்கிவிடலாம்.

ஆனால் ஒரு நல்ல ஆங்கில அகராதியைப் பிரித்து கேஷ் என்ற சொல்லைத் தேடினால், அது அங்கே இரண்டு முறை இருக்கிறது. தலையில் 1, 2 என்று சின்ன எண் போட்டு, எழுத்துதான் ஒன்று, சொற்கள் வேறு வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் கேஷ், நாம் வங்கியிலும் கடையிலும் சொல்கிறோமே, அது. அதற்கும் தமிழுக்கும் பிறப்பில் சம்பந்தம் கிடையாது. இரண்டாவது கேஷ், ஆசிய நாடுகளில் புழங்கிய மிகச் சிறிய மதிப்புள்ள செப்பு நாணயம். அது நம்முடைய காசேதான்! ஆக, பட்டியல் போடுகிறவர்கள் சொல்வது பாதி சரி. (சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், முந்திரியைக் குறிக்கும் கேஷ்யூவும் காசிலிருந்து வந்ததுதான் என்கிறார்கள். அது பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல். போர்த்துகீசியர் அங்கிருந்து மரத்தையும் கொண்டுவந்தார்கள், பெயரையும் கொண்டுவந்தார்கள். அதை விட்டுவிடுவோம்.)

முதலில் முதல் கேஷ். லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியில் காஸ்ஸா ஆனது, பிரெஞ்சில் கெஸ் ஆனது, அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் கேஷ் என்று நுழைந்தது. நமக்குப் பழக்கமான கேஸ், கேசட், கேப்சூல் மூன்றும் இதே வீட்டுப் பிள்ளைகள்தான். எல்லாமே எதையோ உள்ளே வைத்து மூடுகிற சமாச்சாரங்கள். அப்படிப் பார்த்தால் கேஷ் என்பது ஆரம்பத்தில் பணமே இல்லை, பணம் வைக்கிற பெட்டி. நம் ஊர் மளிகைக் கடைகளில் கல்லாப்பெட்டி என்கிறோமே, அதேதான். "கல்லாவில் எவ்வளவு இருக்கு?" என்று முதலாளி கேட்டால் அவர் பெட்டியைப் பற்றியா கேட்கிறார்? இப்படிக் கேட்டுக் கேட்டே பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தபோது கையிருப்புப் பணம் என்பதே பொருளாகிவிட்டிருந்தது. மூலம் பிரெஞ்சுப் பெட்டி என்பதை ஜான்சன் மறக்காமல் குறித்திருக்கிறார்.

இந்தப் பெட்டிக் கதை தெரிந்தால் கணக்குப்பதிவியல் படிக்கிறவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி தீரும். ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுத வேண்டும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். வந்தது வரவுதானே, அதை ஏன் பற்று என்று எழுத வேண்டும் என்று குழம்பாத மாணவர் இருக்க முடியாது. 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி என்ற கணித அறிஞரின் பெரிய நூல் அச்சானது. இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கிய நூல் அது. அதில் வியாபாரி தன் மூலதனத்தைக் கணக்கில் கொண்டுவரும்போது ஒரு பக்கம் காஸ்ஸா, மறுபக்கம் மூலதனம் என்று எழுதுகிறான். அந்த காஸ்ஸா நிஜமான பெட்டி. பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் பணத்தைப் பெற்றுக்கொண்டான், ஆகவே அவன் பெயரில் பற்று. வியாபாரிக்கு வரவாக இருக்கலாம், பெட்டிக்கு அது கடன். 500 வருடம் ஆகியும் அந்தப் பெட்டி நம் ரொக்க ஏட்டின் இடது பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டே இருக்கிறது.

இதே எழுத்தில் இன்னும் ஒன்றும் உண்டு. காசாளரைக் குறிக்கும் கேஷியர் இந்தப் பெட்டியிலிருந்து வந்தவர். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியிலிருந்து விரட்டுவதற்கும் ஆங்கிலத்தில் கேஷியர் என்றே பெயர். அது டச்சு மொழி வழியாக வந்த வேறு சொல், பெட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி நம்முடைய காசு. இதன் வயது அதிகம், கதையும் நீளம். சங்கப் பாடல்களில் காசு என்பது பெரும்பாலும் நகையில் கோக்கிற மணி அல்லது பொற்காசு. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் ஒரு கிளி வேப்பம்பழத்தை வளைந்த அலகில் பிடித்திருக்கிறது. அது, புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நக நுனியில் பிடித்திருக்கும் பொற்காசு போல இருக்கிறதாம். தியாகராய நகர் நகைக்கடைகளில் காசுமாலை வாங்குகிறவர்கள் ஏறத்தாழ 2,000 வருடப் பழக்கத்தைத்தான் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இது போக காசு என்றால் குற்றம் என்றும் பழந்தமிழில் ஒரு பொருள் உண்டு. வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று பள்ளியில் ஒப்பித்ததும் நினைவிருக்கலாம். நாணயம் என்ற பொருளில் இந்தச் சொல்லுக்கு வடமொழியில் கர்ஷ என்ற எடையின் பெயரைச் சிலர் மூலமாகக் காட்டுகிறார்கள். அது எப்படி இருந்தாலும் ஐரோப்பியர் காதில் விழுந்த வடிவம் தென்னிந்தியக் காசுதான்.

சோழர் காலத்துக்கு வந்தால் காசு என்பது தங்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பிள்ளையாருக்குத் தினமும் 150 வாழைப்பழம் படைக்க வேண்டும். வருடத்துக்கு 360 நாள் என்று வைத்து 54,000 பழம். ஒரு காசுக்கு 1,200 பழம் என்ற விலையில் 45 காசு செலவாகும். அதற்காக 360 காசு முதலாகத் தஞ்சாவூர் வணிகர்களிடம் வைக்கப்பட்டது. காசுக்கு வருடம் அரைக்கால் காசு வட்டி, அதாவது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். 360இல் எட்டில் ஒன்று 45. பைசா பிசகவில்லை! முதலைத் தொடாமல் வட்டியில் செலவு நடக்கிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். எந்த நிதி மேலாண்மைப் பாடத்திலும் உதாரணமாக வைக்கலாம்.

ஒரு காசுக்கு 1,200 வாழைப்பழம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே காசு எங்கே போய் விழுந்தது என்று பார்க்கப் போகிறோம்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த பிறகு போர்த்துகீசியர் இந்தியக் கடற்கரை முழுதும் பரவினார்கள். மந்தைவெளியிலிருந்து ஒரு பக்கம் நடந்தால் லஸ், மறுபக்கம் நடந்தால் சாந்தோம். இரண்டுமே அவர்கள் விட்டுப்போன பெயர்கள். 1639இல் ஆங்கிலேயர் மதராசப்பட்டினத்தில் இடம் வாங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அவர்கள் மயிலாப்பூரில் குடியேறிவிட்டார்கள். அவர்கள் வாயில் காசு என்ற சொல் கைஷா என்று ஆனது. அது மயிலாப்பூரில்தான் நடந்தது என்று உரிமை கொண்டாட வழியில்லை. மலையாளத்திலும் அது காசுதான், மேற்குக் கரையிலேயே காதில் விழுந்திருக்கலாம். ஆனால் ஏன் கைஷா? அவர்கள் மொழியில் ஏற்கெனவே கைஷா என்றால் பெட்டி! அதே லத்தீன் காப்ஸாவின் போர்த்துகீசியப் பிள்ளை. தெரியாத சொல் காதில் விழுந்தால் தெரிந்த சொல்லின் சட்டையை அதற்கு மாட்டிவிடுவது எல்லா மொழிக்காரர்களும் செய்வதுதான். ஆக, பெட்டியும் காசும் முதலில் மோதிக்கொண்டது ஆங்கிலத்தில்கூட இல்லை, போர்த்துகீசிய மொழியில்.

அடுத்தது நம்பவே முடியாத ஒரு பொருத்தம். 1598இல் லண்டனில் இரண்டு புத்தகங்கள் வெளியாயின. ஒன்று ஜான் ஃப்ளோரியோவின் இத்தாலி - ஆங்கில அகராதி. அதில் காஸ்ஸா என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது வியாபாரியின் கேஷ் என்று வருகிறது, பெட்டி என்ற பொருளில். இன்னொன்று யான் ஹுய்கன் வான் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. கோவாவில் போர்த்துகீசியரிடம் வேலை பார்த்தவர் அவர். ஜாவாத் தீவின் சுண்டா பகுதியில் கைஷா என்ற செப்பு நாணயம்தான் புழங்குகிறது, நடுவில் ஓட்டை போட்டு நூலில் கோத்து வைக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். பெட்டிக் கேஷும் காசுக் கேஷும் ஒரே ஊரில் ஒரே வருடம் அச்சேறியிருக்கின்றன, ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாமல்!

லின்ஸ்கோட்டன் அந்த நாணயத்தின் அளவைச் சொல்ல ஓர் ஒப்பீடு செய்கிறார். ஹாலந்து நாட்டு டொய்ட் அளவுக்கு இருக்கும், ஆனால் பாதி கனம்கூட இருக்காது என்கிறார். டொய்ட் என்பது டச்சுக்காரர்களின் சின்னச் செப்பு நாணயம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் கடை விரித்தபோது அந்தச் சொல் நம் வாயில் துட்டு ஆனது. சென்னைத் தமிழின் சொந்தச் சொத்து என்று நாம் நினைத்திருக்கும் அதே துட்டு. காசு எவ்வளவு பெரியது என்று துட்டை வைத்து ஐரோப்பியருக்கு விளக்கியிருக்கிறார் மனிதர்.

சுண்டாவில் அவர் சொன்ன நாணயம் சீனப் பாணி நாணயம். வட்டமாக, நடுவில் சதுர ஓட்டையோடு இருக்கும். சீனர்கள் அதைக் காசு என்று சொன்னதே இல்லை, அவர்களுக்கு அது சியன், வென். மலாக்காவிலும் ஜாவாவிலும் அதைப் பார்த்த போர்த்துகீசியர் இந்தியாவில் பழகிய பெயரையே அதற்கும் வைத்தார்கள். ஆங்கிலேயர் அதைத் தொடர்ந்தார்கள். அதனால்தான் இன்றுவரை உலகம் முழுக்க நாணயம் சேகரிப்பவர்கள் சீனக் கேஷ் என்கிறார்கள். இதில் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1077இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு வந்ததாகவும், அவர்கள் கொண்டுவந்த பொருள்களுக்குப் பதிலாக 81,800 கோவை செப்பு நாணயம் கொடுத்ததாகவும் சீன சோங் வம்சக் குறிப்புகள் சொல்கின்றன. ஒரு கோவைக்குப் பெயரளவில் 1,000 நாணயம். தஞ்சாவூர்ப் பகுதியில் சீன நாணயங்கள் புதையலாகவும் கிடைத்திருக்கின்றன. கேஷ் என்று பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே அது நம் ஊருக்கு வந்து மண்ணுக்குள் போய்விட்டது.

சரி, மதராசுக்கு வருவோம். இரண்டு கேஷும் நேருக்கு நேர் சந்தித்த இடம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கணக்குப் புத்தகம். கம்பெனியின் மதராஸ் கணக்குகளில் தொகை எழுதும் இடம் மூன்றாகப் பிரிந்திருக்கும். வராகன், பணம், காசு. வராகனை ஆங்கிலேயர் பகோடா என்றார்கள் (டீக்கடைப் பக்கோடாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). பணத்தை ஃபனம் என்றார்கள். காசு, கேஷ் ஆனது. பிற்காலக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அப்படியென்றால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. கோட்டையில் இறகுப் பேனாவோடு உட்கார்ந்திருந்த குமாஸ்தா, ரொக்கம் வந்தது என்று வரியின் தொடக்கத்தில் ஒரு கேஷ் எழுதுவான். அது இத்தாலிப் பெட்டி. அதே வரியின் கடைசிப் பத்தியில் தொகையின் உதிரியாக இன்னொரு கேஷ். அது தமிழ்க் காசு. ஒரே வரியில் இரண்டும்! கூட்டும்போது 80 சேர்ந்தால் ஒன்று மேலே போகும், அடுத்த பத்தியில் 42 சேர்ந்தால் ஒன்று மேலே போகும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இந்தக் கணக்கை ராத்திரி விளக்கில் போட்டவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இது கோட்டைக் கணக்கு. கடைத்தெருவில் வராகனுக்கு எத்தனை பணம், பணத்துக்கு எத்தனை காசு என்பது ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் பிழைத்தவர்கள் சராப்புகள், அதாவது நாணயம் மாற்றுபவர்கள். வராகனில் கணக்கு வைத்திருந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை. காசில் கூலி வாங்கிக் காசில் அரிசி வாங்கியவர் கதை வேறு. ராஜராஜன் காலத்தில் ஒரு காசுக்கு 1,200 வாழைப்பழம் என்று பார்த்தோமே, அந்தப் பெயர்தான் இப்போது வராகனில் 3,360இல் ஒரு பங்காக, கைக்கு அடங்காத செப்புத் துணுக்காக ஆகியிருந்தது. நாணயங்கள் மதிப்பிழப்பது புதிதல்ல. ஒரு சொல் தங்கத்திலிருந்து செம்புக்கு இறங்கியதை இவ்வளவு தெளிவாகப் பார்ப்பது அபூர்வம்.

1803இலும் 1808இலும் கம்பெனி இந்தக் காசுகளை இங்கிலாந்திலேயே அச்சடித்து மதராசுக்கு அனுப்பியது. பர்மிங்ஹாம் அருகே மேத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தில் நாணயம் அடித்த சோஹோ ஆலையில் அவை தயாராயின. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்க முத்திரை. மறுபக்கம் ரோமன் எண்ணில் 20 போட்டு கேஷ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மேலே பாரசீக எழுத்தில், இருபது காஸ் நான்கு ஃபுலூஸ் என்று விளக்கம். தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் எழுதியவர்கள் தமிழில் எழுதவில்லை!

அந்த 1808ஆம் வருடக் காசுகளில் ஒரு பெரும்பகுதி மதராசைப் பார்க்கவே இல்லை. அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் 48 டன் செப்புக் காசை ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் மூழ்காளிகள் அதைக் கண்டுபிடித்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை மேலே கொண்டுவந்தார்கள். 20 காசு நாணயம் ஒன்று சுமார் 9.3 கிராம். அந்தக் கணக்கில் 48 டன் என்றால் ஏறத்தாழ 10 கோடியே 45 லட்சம் காசு. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. வராகனில் மாற்றினால் 31,000 சொச்சம்தான் தேறும். அன்றைய ரூபாயில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கப்பல் நிறையக் காசு இருந்தும் பணம் அவ்வளவுதான். இப்போது அந்த நாணயங்கள் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒரே ஒரு 20 காசுக்கு, அன்றைக்கு அந்த நாணயத்தால் நினைத்தும் பார்க்க முடியாத விலை.

1818இல் மதராஸ் மாகாணத்தில் வராகன் கணக்கு நின்று ரூபாய் கணக்கு வந்தது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். அதன்படி ஒரு ரூபாய்க்கு 12 பணம், 960 காசு. ரூபாயில் 192 பைசல் என்ற அன்றைய பை கணக்கோடு பார்த்தால் ஒரு பைக்கு 5 காசு. பையையே யாரும் குனிந்து எடுக்காத காலம் வந்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்கு எப்படிப் பிழைக்கும்? மதராசில் கேஷ் 2 செத்துவிட்டது. கேஷ் 1 மட்டும் வங்கிகளிலும் வியாபாரக் கம்பெனிகளிலும் தனியாக ராஜ்ஜியம் செய்தது.

இரண்டும் வேறு என்பதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தவர்தான். தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்த ஆர்தர் பர்னெல், ஹென்றி யூல் என்பவரோடு சேர்ந்து இந்தியச் சொற்கள் புகுந்த ஆங்கிலத்துக்கு ஓர் அகராதி தொகுத்தார். பர்னெல் 1882இல் இறந்துபோக, யூல் அதை முடித்து 1886இல் ஹாப்சன் ஜாப்சன் என்ற வேடிக்கையான பெயரில் வெளியிட்டார். அதில் தமிழ்க் காசு, போர்த்துகீசியக் கைஷா, மதராஸ் கேஷ், சீனக் கேஷ் என்று வரிசையாகக் கோத்துக் காட்டியிருக்கிறார்கள். காசுதான் கேஷ் என்று பெருமைப்படுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒரு முறை படித்தால் பெருமை குறையாது. பெட்டியை நம்முடையது என்று சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது. சீனாவின் நாணயத்துக்கே உலகம் நம் பெயரைத்தான் சொல்கிறது, அது போதாதா?

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் கணக்குப் பாடநூல்களில் கேஷுக்குத் தமிழ் காசு கிடையாது. ரொக்கம்தான். கேஷ் புக் என்றால் ரொக்க ஏடு. வடநாட்டு வியாபாரிகளின் ரோகட் என்ற சொல்லுக்கு இது உறவு. கல்லாவும் அப்படியே, இந்தியிலும் கடைக்காரரின் பணப்பெட்டி கல்லாதான். காசை வெளியே அனுப்பிவிட்டு, துட்டு ரொக்கம் கல்லா என்று மூன்றை உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மதராசில் செத்த கேஷ் தெற்கே ஓர் ஓரத்தில் மட்டும் ரொம்ப நாள் உயிரோடு இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அங்கே 1940கள் வரை ஒரு கேஷ், நான்கு கேஷ், எட்டு கேஷ் என்று ஆங்கில எழுத்துப் பொறித்த செப்பு நாணயங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை அந்தப் பக்கம்தானே இருந்தது. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் கடைக்குப் போனவர்கள் கேஷ் என்று எழுதிய நாணயத்தைக் கொடுத்து, வாயால் காசு என்றே சொல்லிச் சாமான் வாங்கினார்கள்.